ஒட்டாத நோய்

திங்கட்கிழமை என்றால் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தா கொள்ளாது. சர்க்கரை மாத்திரைக்காரர்கள், பிரஷர் மாத்திரைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு கிடந்தவர்கள், நாய்க்கடி ஊசிக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள். பெரிய டாக்டர் குணசேகரன் அன்று மீட்டிங் என்று புதுக்கோட்டைக்குப் போய்விட்டார். மொத்தக் கூட்டமும் நான்சியின் மேசைக்கு வந்தது.

நான்சி குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சியில் இருந்தாள். இரண்டாம் வருடம். திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிரிவாகச் சுற்ற வைத்துவிட்டு, கிராமத்து அனுபவம் வேண்டும் என்று விராலிமலைப் பக்கத்தில் இருக்கிற இந்த நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சொந்த ஊர் ஆவூர் என்பதால் வீட்டிலிருந்தே ஸ்கூட்டியில் வந்துபோனாள். பயிற்சியில் தோல் பிரிவுக்கென்று ஒதுக்கிய நாட்களில் பாதியை, ஆள் போதவில்லை என்று காய்ச்சல் வார்டுக்காரர்கள் இழுத்துக்கொண்டார்கள். அவளும் வருத்தப்படவில்லை. தோல் என்ன பெரிய விஷயம், பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

போதாததற்கு, முந்தின வாரம்தான் ஒரு மாணவர் விடுதியில் சிரங்கு பரவியிருந்தது. அவள்தான் போய்ப் பார்த்து, இன்னதென்று சொல்லி, எல்லாப் பிள்ளைகளுக்கும் லோஷன் பூசவைத்து அடக்கினாள். குணசேகரன் நர்சுகள் முன்னால் வாய்விட்டுப் பாராட்டினார். அந்தப் பாராட்டின் சூடு இன்னும் ஆறவில்லை.

அந்த நேரத்தில்தான் அழகி தன் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மகள் பெயர் இனியா, மூன்றாம் வகுப்பு. யூனிபார்முக்கு உள்ளே முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

“என்னம்மா, பிள்ளைக்கு என்ன?”

“ராத்திரி பூரா சொறியுதுங்க டாக்டரம்மா. தானும் தூங்க மாட்டேங்குது, எங்களையும் தூங்க விட மாட்டேங்குது. கையப் பாருங்க.”

இனியா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். விரலிடுக்கில் சிவந்து, நகம் கீறிய கோடுகள் ஓடியிருந்தன.

“வீட்ல வேற யாருக்கும் அரிப்பு இருக்கா?”

“எனக்குத்தாங்க கையில லேசா…”

நான்சிக்கு அது போதுமாக இருந்தது. விரலிடுக்கு, ராத்திரி அரிப்பு, வீட்டில் இன்னொருத்தருக்கும் இருக்கிறது. விடுதியில் பார்த்த அதே படம்.

“இது சொறி சிரங்கும்மா. ஒட்டுற நோய்,” என்றாள். பக்கத்து அறையில் தடுப்பூசிக் குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்ததால் குரலைத் தூக்கித்தான் பேசவேண்டியிருந்தது. “வீட்ல இருக்கற எல்லாரும் கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் இந்த லோஷனைப் பூசணும். துணி, போர்வை எல்லாம் கொதிக்கிற தண்ணில போடுங்க. சரியாகற வரைக்கும் மத்த பிள்ளைங்களோட ஒட்டி உக்கார விடாதீங்க. தெனம் குளிக்க வைக்கிறீங்களா இல்லையா?”

கடைசிக் கேள்வியில் அழகியின் முகம் மாறியது. “குளிப்பாட்டாம என்னங்க… டாக்டரம்மா, இது இவளுக்குக் கைப்பிள்ளையா இருந்தப்பலேர்ந்தே அப்பப்ப…”

“அதெல்லாம் லோஷன் போட்டா போயிரும். அடுத்து யாரு?”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அழகி கடந்துபோகையில் சேலையை ஒதுக்கி இழுத்துக்கொண்டாள். அடுத்ததாக எழுந்து வந்தவர் பீட்டர். இனியா படிக்கிற பள்ளியின் தலைமையாசிரியர், ஆவூர்க்காரர், நான்சியின் அப்பாவோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். பிரஷர் மாத்திரைக்கு வந்திருந்தார்.

“எங்க ஸ்கூல் பிள்ளைதான் டாக்டர் அது,” என்றார் தணிந்த குரலில். “நல்லவேளை, காதுல விழுந்துச்சு. நான் பாத்துக்கறேன்.”

நான்சி சிரித்தபடி அவர் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றினாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கப் போகிற முறை வந்தபோது அடுத்த மாதம் பிறந்திருந்தது. குணசேகரனுக்கு வேறு வேலை இருந்ததால் ஜீப்பில் நர்சோடு நான்சிதான் போனாள். பீட்டர் வாசலுக்கே வந்து வரவேற்று, காபி வரவழைத்து, ஒவ்வொரு வகுப்பாகக் கூட்டிப்போனார். மூன்றாம் வகுப்பு வாசலில் நின்று, “இங்க பாருங்க டாக்டர்,” என்றார் ஒரு நிறைவோடு. “நீங்க சொன்னபடியே தனியா உக்கார வச்சிருக்கோம்.”

வகுப்புக்குள் இல்லை, வராந்தாவில், கதவுக்கு வெளியே ஒரு சாக்கை விரித்து இனியா உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கரும்பலகையின் ஒரு மூலைதான் தெரியும். பக்கத்தில் ஒரு சில்வர் தட்டு, அதன் விளிம்பில் சிவப்புப் பெயின்ட்.

“தட்டு எதுக்கு சார் இப்படி?”

“மத்த தட்டோட கலந்துரக் கூடாதுல்ல. அதுக்கு ஒரு அடையாளம்.” பீட்டர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொரு சங்கடம் பாருங்க. இந்தப் பிள்ளையோட அம்மாதான் நம்ம ஸ்கூல்ல காலைச் சாப்பாடு சமைச்சிட்டு இருந்துச்சு. பேரன்ட்ஸ் திரண்டு வந்து சத்தம் போட்டாங்க, சொறி புடிச்ச கையில சமைச்சதை எங்க பிள்ளைங்க திங்கணுமான்னு. என்ன பண்றது? நிறுத்திட்டோம். இப்ப புவனேஸ்வரின்னு வேற ஒருத்தங்க வாராங்க.”

நான்சி சாக்கின் அருகே குந்தி உட்கார்ந்தாள். “கையக் காட்டு பாப்பா.” இந்த முறை சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

முழங்கையின் உள்மடிப்பில் தோல் தடித்துக் கறுத்து, நடுவில் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் தேன் உறைந்தாற்போல மஞ்சள் பொருக்கு. பாவாடையை விலக்கி முழங்காலின் பின்பக்கம் பார்த்தாள். அங்கும் அதேதான். மற்ற இடமெல்லாம் சாம்பல் பூசினாற்போல வறண்டு கிடந்தது. எக்ஸிமா. கைக்குழந்தையிலிருந்து தொடர்கிற கரப்பான். எந்தப் புத்தகத்திலும் முதல் படமாகப் போட்டிருப்பார்களே, அப்படி அச்சாக இருந்தது.

“இது எப்பலேர்ந்து இருக்கு ஒனக்கு?”

“பாப்பாவா இருந்தப்பவே இருந்துச்சாம். அம்மா சொன்னாங்க. பனி வந்தா நெறைய வரும்.”

“வீட்ல யாருக்காச்சும் இழுப்பு இருக்கா?”

“அப்பாவுக்கு. திருப்பூர்ல இருக்காரு. வாயில வச்சு புஸ்ஸுன்னு அடிச்சுக்குவாரு.”

இழுப்பும் கரப்பானும் ஒரே குடும்பத்தில் சேர்ந்தே வருகிறவை. இந்த இரண்டு கேள்விகளைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதுவும் முதல் கேள்விக்கான பதிலை அழகி தானாகவே சொல்ல வந்தாளே. அவள் வாயை அடைத்ததுதான் இவள் செய்த வைத்தியம்.

“லோஷன் போட்டீங்களா?”

“தெனமும் போட்டோம். எரியும். நான் அழவே மாட்டேன்.”

“தெனமுமா? நான் அப்படிச் சொல்லலையே.”

இனியா பீட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “சீக்கிரமாப் போனாத்தானே அம்மா மறுபடி இங்க சமைக்க வரலாம்.”

நான்சிக்குக் காது இரண்டும் சுட்டது. வகுப்புக்குள் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது எங்கோ தூரத்தில் கேட்டது.

“இன்னும் போகலைங்களா டாக்டர்?” என்று பீட்டர் தலைக்குமேல் நின்று கேட்டார். பக்கத்தில் இரண்டு டீச்சர்கள், நர்சு, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற பிள்ளைகள். எல்லாரும் அவள் வாயைத்தான் பார்த்தார்கள். அங்கேயே சொல்லியிருக்கலாம். இது ஒட்டாது, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், பிள்ளையை உள்ளே உட்கார வையுங்கள் என்று மூன்று வாக்கியம்.

“கொஞ்சம் குறைஞ்சிருக்கு சார். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வரச் சொல்லுங்க,” என்றாள் நான்சி.

“அப்ப அதுவரைக்கும் தனியாவே இருக்கட்டும், இல்லையா?”

“இருக்கட்டும்,” என்றாள்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபின்னும் அந்த ‘இருக்கட்டும்’ அவளை விடவில்லை. முதலில் சொன்னது தெரியாமல் சொன்னது. இதைத் தெரிந்தே சொன்னாள்.

நிலையத்துக்குத் திரும்பியதும் குணசேகரனிடம் மட்டும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சிரங்கும் எக்ஸிமாவும் கொழம்புறது எல்லாருக்கும் நடக்கறதுதான் நான்சி. நானே எத்தனை தடவை கொழம்பியிருக்கேன். அந்தம்மாவைக் கூப்பிட்டு களிம்பை மாத்திக் குடு. பத்து பதினஞ்சு நாள்ல தோல் கேட்டுரும். அப்ப ‘சிரங்கு போயிருச்சு’ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டா பிள்ளை பெஞ்சுக்குப் போயிரும். எதுக்குப் போய் தப்பு தப்புன்னு சொல்லிக்கிட்டு? நம்மமேல இருக்கற நம்பிக்கை போனா, நாளைக்கு ஜனம் மெடிக்கல் ஷாப்புல கேட்டு மருந்து வாங்க ஆரம்பிச்சிரும்.”

அந்த வழி அவளுக்குப் பிடித்திருந்தது. உடனே பிடித்துப்போனது. நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்தாள். அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் கூசினாள்.

ஆனால் கணக்கு உதைத்தது. எக்ஸிமா போய்விடுகிற நோய் இல்லை. குறையும், பனிக்காலத்தில் திரும்பும், வியர்வையில் திரும்பும். சிரங்கு போய்விட்டது என்று சீட்டுக் கொடுத்தால், அடுத்த மார்கழியில் மடிப்பு சிவக்கும்போது சிரங்கு திரும்பிவிட்டது என்றுதான் ஊர் சொல்லும். மறுபடி சாக்கு, மறுபடி சிவப்புத் தட்டு. இப்படியே அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு வரைக்கும் வராந்தாவில் உட்கார்ந்து படிக்கும்.

வரச் சொல்லியும் அழகி வரவில்லை. அந்த வாரம் அப்படியே கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆவூர்க் கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பீட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நான்சியின் அப்பா அமல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க மகளைப் பத்தித்தான் ஸ்டாஃப் ரூம்ல பேச்சு, அமல். அன்னைக்கு ஒரே பார்வைதான். இன்னதுன்னு சொல்லிருச்சு. இல்லேன்னா எங்க ஸ்கூல் பூரா பரவியிருக்கும்.”

சுற்றி நின்ற நாலைந்து பேர் நான்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. அவள் மெடிக்கல் சீட் வாங்கிய அன்று வந்த சிரிப்பு. நான்சி முக்காட்டை இழுத்து நெற்றிவரை மூடிக்கொண்டாள். அடக்கம் என்று நினைத்து அவர்கள் இன்னும் மெச்சினார்கள்.

பைக்கில் திரும்பும்போது அப்பா சொன்னார். “பீட்டர் லேசுல யாரையும் புகழ மாட்டான்.”

“அப்பா, அது சிரங்கு இல்லப்பா.”

“எது?”

“அந்தப் பிள்ளைக்கு. நான் தப்பாச் சொல்லிட்டேன். அது ஒட்டவே ஒட்டாது. என்னால அந்தப் பிள்ளை வெளிய உக்காந்திருக்கு. அதோட அம்மாவுக்கு வேலை போச்சு.”

“பீட்டருக்குத் தெரியுமா?” என்றார் அப்பா.

“தெரியாது.”

“மெதுவா, பக்குவமா, அவன்கிட்ட மட்டும் தனியாச் சொல்லிக்கலாமேம்மா,” என்றார். வீட்டில் சாப்பிடும்போது இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஓபி முடிந்ததும் நான்சி களிம்பு டப்பாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு விசாரித்து விசாரித்து அழகியின் வீட்டுக்குப் போனாள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. வாசலில் சாக்கு விரித்து அழகி கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். உடைத்துத் தருவதற்கென்று யாரோ வீட்டிலிருந்து வாங்கிவந்த கடலை. ஸ்கூட்டியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“அங்கிட்டே நில்லுங்க டாக்டரம்மா. ஒட்டிக்கப் போவுது.”

நான்சி நின்ற இடத்திலேயே நின்றாள். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். அத்தனையையும் விட்டுவிட்டு, “ஒட்டாதுக்கா,” என்றாள். “அது சிரங்கே இல்ல. கரப்பான். நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்மேலதான்.”

அழகியின் கை நின்றது. அழப்போகிறாள் என்று நான்சி நினைத்தாள். ஆனால் அவள் குரல் காய்ந்துபோய் வந்தது.

“கரப்பான்னு எனக்குத் தெரியாதா? கைப்பிள்ளையிலேயே எங்க ஊர் ஆஸ்பத்திரியில அப்படித்தான் சொன்னாங்க. அன்னைக்கு அதத்தான சொல்ல வந்தேன். ‘அடுத்து யாரு’ன்னுட்டீங்க. சரி, படிச்சவங்க, இப்ப வேற என்னமோ வந்திருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்றாங்க போலன்னு நம்பிட்டேன். நம்பித்தான தெனமும் அந்தத் தண்ணிய ஊத்துனேன். பிள்ளை பல்லைக் கடிச்சிக்கிட்டு நிக்கும். வேப்பிலைய அரைச்சுத் தேச்சேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுனேன், அழுக்குன்னு சொல்லிட்டீங்கன்னு.”

“உங்க கையில இருக்கறது…”

“அது பாத்திரம் வெளக்குற பவுடருங்க. பெரிய பெரிய குண்டான். தெனம் வெளக்குனா யாருக்கும் வரும். அதையும் நீங்க கேக்கல.”

நான்சி பையைக் கீழே வைத்தாள். கேட்காததையெல்லாம் இப்போது கேட்டாள். எப்போது அதிகமாகும், என்ன சோப்பு, இதற்கு முன்னால் என்ன பூசினார்கள், எது எரிந்தது, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாள், ஒரே பாயில் படுக்கிற தம்பிக்கு ஏதாவது இருக்கிறதா. அழகி ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பிறகு இனியா பள்ளியிலிருந்து வந்தாள். நான்சியைக் கண்டதும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகவே நின்றாள். அழகி அதட்டித்தான் காட்டவைத்தாள்.

லோஷனைத் தூரப் போடச் சொன்னாள் நான்சி. பொருக்குத் தட்டிய இடம் ஆறுவதற்கு வாய்வழியாக ஒரு மருந்து கொடுத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஈரம் காயும் முன்னே வாஸ்லின் மாதிரி இருக்கிற இந்தக் களிம்பை உடம்பு முழுக்கத் தாராளமாகப் பூசவேண்டும். சிவந்த மடிப்புகளுக்கு மட்டும் இந்த இன்னொரு களிம்பு, தினம் ஒரு வேளை. தணிந்ததும் குறைக்கலாம், திடீரென்று நிறுத்த வேண்டாம்.

“இதுல ஸ்டிராய்டு இருக்குல்ல? தோலை அரிச்சிரும்னு சொல்றாங்க.”

“கண்டபடி போட்டா கெடுதல்தான்க்கா. இவ்வளவு கம்மியா, மடிப்புல மட்டும், நான் சொல்ற வரைக்கும் போட்டா ஒண்ணும் பண்ணாது.”

“அன்னைக்கும் இப்படித்தான் உறுதியாச் சொன்னீங்க.”

“வாராவாரம் நானே வந்து பாக்கறேன்,” என்றாள் நான்சி. “மன்னிச்சிருங்க.”

“எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது?” அழகி மறுபடி கடலையைக் கையில் எடுத்தாள். “என் வீட்டு வாசல்ல, எனக்கும் உங்களுக்கும் மட்டும் கேக்கற மாதிரி சொல்றீங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரியில அத்தனை சனத்துக்கும் கேக்கற மாதிரில்ல சொன்னீங்க?”

பள்ளியில் அந்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருந்தது. நான்சி பீட்டரைப் போனில் கூப்பிட்டு, ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றாள். சுத்தம் சுகாதாரம் பற்றிப் பேசப்போகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவளும் திருத்தவில்லை. முன்கூட்டிச் சொன்னால் அவர் தனியாகப் பேசி முடித்துவிடலாம் என்பார், தானும் சரி என்றுவிடுவோம் என்ற பயம் அவளுக்கு இருந்தது.

பெரிய வகுப்பறையில் பெண்கள் தரையிலும் ஆண்கள் பெஞ்சிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். அழகி கதவருகே மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. புவனேஸ்வரி டீ டம்ளர்களை நீட்டிக்கொண்டு போனவள் அழகி அருகே வந்ததும் தயங்கி, தட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

“நம்ம டாக்டர் நான்சி ரெண்டு வார்த்தை பேசுவாங்க,” என்றார் பீட்டர். சிலர் கை தட்டினார்கள்.

நான்சி எழுந்தாள். “இனியாவுக்கு இருக்கறது சிரங்கு இல்லைங்க. கரப்பான். அது யாருக்கும் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. சிரங்குன்னு சொன்னது நான். பிள்ளையச் சரியாப் பாக்காம, அவங்க அம்மா சொன்னதையும் கேக்காம சொல்லிட்டேன். போன வாரம் இங்க வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பவும் சொல்லல. எனக்கு வெக்கமா இருந்துச்சு.”

பீட்டரின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவர் தன் கையிலிருந்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து கண்ணுசாமி என்பவர் எழுந்தார். அவர் மகளும் மூன்றாம் வகுப்புதான். “ஏங்க, அன்னைக்கு நீங்க சொன்னது தப்புங்கறீங்க. இன்னைக்குச் சொல்றது சரின்னு நாங்க எப்பிடி நம்புறது?”

நியாயமான கேள்வி. அதை அவர் நக்கலாகக் கேட்கவில்லை, பயத்தில்தான் கேட்டார்.

“என்னைய நம்ப வேணாங்க. இத்தனை வருசமா இனியாவும் அவ தம்பியும் ஒரே பாய்லதான் படுக்கறாங்க. தம்பி உடம்புல ஒரு பொட்டு இல்ல. சிரங்கா இருந்தா அவனுக்கு வராம இருக்குமா? போய்ப் பாருங்க. பெரிய டாக்டரைக் கேளுங்க.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் இன்னும் சந்தேகத்தோடு பார்க்கிறது என்ற பதற்றத்தில் கதவருகே போய், “இங்க பாருங்க,” என்று இனியாவின் பக்கம் கையை நீட்டினாள். எல்லார் முன்னாலும் அந்தக் கையைப் பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

இனியா கையைத் தரவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நீட்டிய கையோடு நான்சி நின்றாள். தான் செய்யப்போன காரியம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்து ஊருக்கே கேட்கிறபடி பேசினாள். இன்றும் அதே கையைத்தான் காட்டப்போனாள். “வேணாம் பாப்பா. வேணாம்,” என்று கையை இறக்கிக்கொண்டாள். குரல் உடைந்துபோய் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

பீட்டர்தான் எழுந்தார். வெளியே போய், வராந்தாவில் கிடந்த சாக்கைச் சுருட்டி எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு வந்தார். நான்சியைக் கடந்துபோகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்மா,” என்றார் தரையைப் பார்த்து. “நானும்தான அந்தப் பிள்ளைய வெளிய தள்ளுனேன்.” அதற்கப்புறம் நிறைய நாள் அவர் பிரஷர் மாத்திரைக்கு நான்சியின் மேசைக்கு வரவில்லை. குணசேகரன் இருக்கிற நாளாகப் பார்த்து வந்தார்.

அவர் மட்டும் இல்லை. “சின்ன டாக்டர் வேணாம், பெரியவர் வரட்டும்” என்று வராந்தாவில் காத்திருப்பவர்கள் கூடிப்போனார்கள். குணசேகரன், “நான் அப்பவே சொன்னேன்ல,” என்று ஒருமுறை சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வருகிறவர்களை நான்சி சட்டைக்கையைச் சுருட்டி, முழங்காலை மடக்கச் சொல்லி, முதுகைத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் பேசி முடிக்கும்வரை பேனாவை எடுக்கவில்லை. வரிசை நகரவில்லை என்று பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டாள்.

களிம்பு வேலை செய்தது. வாராவாரம் நான்சி போய்ப் பார்த்தாள். முதலில் பொருக்கு உதிர்ந்தது, பிறகு கசிவு நின்றது, மடிப்பின் தடிப்பு மெல்ல இறங்கியது. இனியா ராத்திரி தூங்கினாள். வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தாள், ஓரத்து இடம்தான். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையை ஒருநாள் அதன் அம்மா வந்து வேறு பெஞ்சுக்கு மாற்றிவிட்டுப் போனாள் என்று நான்சி கேள்விப்பட்டாள்.

காலைச் சாப்பாட்டு வேலைக்கு அழகியை மறுபடி கூப்பிட்டார்கள். வாரம் மாற்றி வாரம் செய்யலாம் என்று புவனேஸ்வரியும் நேரில் வந்து சொன்னாள். அழகி போகவில்லை. “நான் போட்ட சோத்தை மோந்து பாத்துட்டு பிள்ளைங்க சாப்பிடுறத நான் பாக்கணுமா?” என்று கேட்டாள். விராலிமலையில் ரோட்டோரத்து ஓட்டலில் பாத்திரம் விளக்குகிற வேலைக்குப் போனாள். கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லி நான்சி ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள். போட்டுக்கொண்டாளா என்று தெரியாது.

மார்கழிப் பனியில் இனியாவின் மடிப்புகள் மறுபடி சிவந்தன. நான்சியின் கிராமப் பயிற்சி முடிய அப்போது சில நாட்களே இருந்தன. அழகி மகளை ஓபிக்குக் கூட்டிவந்து வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளேயிருந்த நான்சிக்கு அவர்கள் தெரிந்தார்கள். பெஞ்சின் அந்தக் கடைசியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், இனியா முழங்கையைச் சொறிவதைக் கவனித்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“உக்காருங்க,” என்றாள் அழகி, வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில். “கரப்பான். ஒட்டாது.”

அந்தப் பெண் நம்பியும் நம்பாமலும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். அழகி யாரையும் பார்க்காமல் மகளின் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். இனி எத்தனை பஸ்ஸில், எத்தனை கல்யாண வீட்டில் அவள் இதைச் சொல்லவேண்டியிருக்கும் என்று நான்சி நினைத்தாள். இப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டிய வேலையை அவள் தலையில் ஏற்றியது யார் என்பதையும் நினைத்தாள். முன்னால் இருந்த நோயாளிக்கு எழுதி முடித்ததும் எழுந்து வெளியே போனாள். கைக்குழந்தைக்காரிக்கும் அழகிக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தில், நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தாள்.

“சொல்லுங்கக்கா,” என்றாள். “எப்பலேர்ந்து?”